நந்தியம்பாக்கம் போல்ட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு செல்போன் பதிவிலிருந்து வந்தது. ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஓடுகிற பதிவு. பதிந்தவன் நான்தான். பெயர் சண்முகவேல். ராயபுரத்தில் போல்ட்டு, நட்டு, கேஸ்கெட் விற்கிற கடை வைத்திருக்கிறேன். திருச்செந்தூர்ப் பக்கமிருந்து அப்பா காலத்தில் இங்கே வந்து ஊன்றிய குடும்பம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து கதை எழுதுவேன். இதுவரை பதினோரு கதை அச்சாகியிருக்கிறது. அதில் ஒன்பதில் கடைசியில் யாராவது ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்பார். "இந்தத் தடவையாவது அந்த ஆளை உக்கார வையுங்க" என்று என் மனைவி செல்லக்கனி சொல்லியிருக்கிறாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"காசிமேட்டுக் காற்றில் டீசலும் மீனும் கலந்து—" வேண்டாம். காசிமேட்டைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் மூக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

"வரலட்சுமி டார்க் ரெஞ்சைக் கையில் எடுத்தபோது அது ஒரு வீணையைப் போல—" சீ! என்ன வீணை? அவள் கேட்டால் அந்த ரெஞ்சாலேயே போடுவாள்.

"மொத்தம் பதினான்கு போல்ட்டு." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

2

மொத்தம் பதினான்கு போல்ட்டு. இன்னாசியின் விசைப்படகில் இருக்கிற ஆறு சிலிண்டர் எஞ்சினின் தலையை, அதாவது ஹெட்டை, உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பவை. ஹெட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் மெல்லிய தகடாக கேஸ்கெட் இருக்கும். தடைக்காலத்துக்கு முந்தைய கடைசிப் பயணத்தில் அந்த கேஸ்கெட் போய், எண்ணெயில் தண்ணீர் கலந்து, எஞ்சின் படுத்துவிட்டது. மீன்பிடித் தடை இருக்கிற அறுபத்தொரு நாளில்தான் படகுக்காரர்கள் இதையெல்லாம் சரிபார்ப்பார்கள். இன்னாசி இந்த வேலையை வரலட்சுமியிடம் கொடுத்தார்.

வரலட்சுமிக்கு முப்பத்தெட்டு வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு எஞ்சின் கம்பெனியில் ஆறு வருடம் ஒப்பந்தக் கூலியாக நின்று போல்ட்டு இறுக்கியவள். கம்பெனி ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து, மூன்று வருடமாகத் துறைமுகத்தில் பம்பு கழுவுவது, குழாய் மாற்றுவது என்று சில்லறை வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். முழு ஹெட்டை அவளை நம்பி ஒருத்தர் கொடுத்தது இதுதான் முதல் தடவை. "பொம்பள கையில ஹெட்டக் குட்த்துட்டு கடலுக்குப் போறியா?" என்று இன்னாசியை நாலு பேர் கேட்டார்கள். இன்னாசி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அவளுக்கு அது காதில் விழுந்தது.

இந்த போல்ட்டுகளை இறுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு ஓரத்திலிருந்து இறுக்கிக்கொண்டே போனால் ஹெட் மறு ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். அதனால் நடுவில் இருக்கிற இரண்டை முதலில் இறுக்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று வெளியே போக வேண்டும். அதையும் ஒரே மூச்சில் செய்யக் கூடாது. முதல் சுற்றில் லேசாக, இரண்டாம் சுற்றில் இன்னும் கொஞ்சம், மூன்றாம் சுற்றில் முழு அளவுக்கு. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அதை டார்க் ரெஞ்சில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். சொன்னதும் கையை எடுத்துவிட வேண்டும்.

(எடுக்க மாட்டார்கள். என் கடைக்கு வருகிற மெக்கானிக் பாதிப்பேர் டிக் கேட்ட பிறகும் இன்னொரு இழுப்பு இழுப்பார்கள். மார்க்கெட்டில் காய்கறியோடு கொத்தமல்லி கொசுறு கேட்டு வாங்கிப் பழகிய ஊர். போல்ட்டுக்கும் கொசுறு கொடுத்துவிட்டு வருகிறார்கள். போல்ட்டு இழுபட்டு நீண்டுபோய், அடுத்த மாதம் புது போல்ட்டுக்கு என்னிடமே வருவார்கள். வரலட்சுமி கொசுறு கொடுக்க மாட்டாள்.)

அவள் எண்ணுகிற விதம்தான் என்னை இழுத்தது. ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டாள். ஆறு வருடம் போய் வந்த ரயில் அவள் வாயில் இருக்கிறது. தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. சரியாகப் பதினான்கு. ஸ்டேஷன் பெயரைச் சொல்வாள், இழுப்பாள், டிக். அடுத்த ஸ்டேஷன். நம்பர் தப்பிப் போகும், ஸ்டேஷன் தப்பாது என்பது அவள் கணக்கு.

3

சனிக்கிழமை மதியம் படகுக்குப் போனேன். கதைக்கு விவரம் வேண்டும், பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். "பதிஞ்சிக்கோண்ணா. ஆனா கைய மட்டும் வெக்காத" என்றாள். வைக்கவில்லை. வாயை வைத்தேன்.

முதல் இரண்டு சுற்றும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மற்ற ஸ்டேஷன்களைக் கண்டக்டர் மாதிரி சத்தமாகச் சொன்னவள், நந்தியம்பாக்கம் வரும்போது மட்டும் குரலை இறக்கினாள். இரண்டு சுற்றிலும் இறக்கினாள். கதை எழுதுகிறவனுக்கு இது போதாதா? பூனைக்குக் கருவாட்டு வாசனை வந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மூன்றாம் சுற்றில் அவள் "நந்தியம்பாக்கம்" என்று சொன்ன உடனே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நந்தியம்பாக்கத்துல யாரு இருக்கா?"

ரெஞ்சைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். "என் பொண்ணு கீதுண்ணா. மகிழினி. ஆறாவது பட்சிகினு கீது. அவுங்க அப்பன் வூட்ல வுட்டு வெச்சிக்கீறேன். ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம போய் பாத்துட்டு வருவேன்."

அப்புறம் இரண்டு நிமிடம் பேசினாள்.

[இங்கே பதினோரு வரி இருந்தது. நல்ல வரிகள். எடுத்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.]

பேசி முடித்து, "சரி வுடு, அத்தப் பேசுனா பேஜாருதான்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மீஞ்சூர்" என்றாள். டிக்.

நீங்கள் கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை. அந்தப் பதினோரு வரியும் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். சாயங்காலம் எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. தடை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் விடியலில் இன்னாசியோடு சேர்த்து ஆறு பேர் பத்து நாளுக்குக் கடலுக்குப் போவதாக ஏற்பாடு.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வீட்டில் பதிவைப் போட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். சும்மா ஒரு ஆசைக்கு டிக்கை எண்ணினேன். முதல் சுற்று பதினான்கு. இரண்டாம் சுற்று பதினான்கு. மூன்றாம் சுற்று பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. "நந்தியம்பாக்கம்" என்று அவள் சொன்ன பிறகு டிக் கேட்கவில்லை. அந்த இடத்தில் கேட்பது என் குரல். ஸ்டேஷன் பெயரைச் சொல்லியாகிவிட்டது, ஆகவே அது முடிந்தது என்று எண்ணி அவள் மீஞ்சூருக்குப் போயிருக்க வேண்டும். அல்லது டிக் வந்து, நான் வாயைத் திறந்த சத்தத்தில் அது அமுங்கியிருக்க வேண்டும். ஏழு தடவை கேட்டேன். எட்டாவது தடவை காதை போனில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். என் குரல்தான் கேட்டது. எவ்வளவு கணீரென்று பேசியிருக்கிறேன், பாவி.

செல்லக்கனி சமையலறையிலிருந்து வந்தாள். "என்ன எழவத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கிய?"

சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்குப் போனப் போடுங்க."

"கொஞ்சம் யோசிச்சுக்கிடுதேன்."

"நீங்க எங்க யோசிக்கிய? எழுதிக்கிட்டுல்லா இருக்கிய!"

அவள் சொன்னது நிஜம். அதை உங்களிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. மேலே நீங்கள் படித்த மூன்று பகுதியையும் அந்த நேரத்தில்தான் எழுதினேன். வரலட்சுமிக்குப் போன் போடாமல் எழுதினேன். கொசுறு பற்றிய அந்தப் பத்தியை நீங்கள் ரசித்திருக்கலாம். அதை மட்டும் செதுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அப்போது இன்னாசியின் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

5

ஏன் போடவில்லை? ஞாயிற்றுக்கிழமை அவள் நந்தியம்பாக்கத்தில் இருப்பாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் பிள்ளையோடு அவளுக்கு. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. இது முதல் காரணம். வந்து திரும்பவும் ஹெட்டில் கை வைத்தால் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும், முதல் ஹெட்டிலேயே பேர் கெட்டுவிடும் என்பது இரண்டாவது. இரண்டும் கேட்க அழகாக இருக்கின்றன. மூன்றாவது காரணம், தப்பு என்னுடையது. எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் போன் போடுவதற்குப் பதில் முடிவுகள் எழுதினேன்.

அ. நான் சொல்லவில்லை. படகு போகிறது. பத்தாம் நாள் வஞ்சிரமும் இறாலுமாக நிறைந்து வருகிறது. இன்னாசி ஊரெல்லாம் அவள் கையைப் புகழ்கிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. (எனக்குத் தெரியும்.)

ஆ. நான் சொல்லவில்லை. படகு போகிறது. நாலாம் நாள், கரை தெரியாத தூரத்தில், சூடு காட்டுகிற முள் மெல்ல ஏறுகிறது. வெள்ளைப் புகை. இன்னாசி எஞ்சினை நிறுத்தச் சொல்கிறார். காற்று திரும்புகிறது. வயர்லெஸ்ஸில் அவர் குரல் கரகர என்று—

இ. நானே ஒரு டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் படகுக்குப் போய் அந்த ஒரு போல்ட்டை மட்டும்... சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருடமாக விற்கிறேன். ஒரு தடவைகூட ஒன்றைப் பிடித்து இழுத்ததில்லை.

ஆ-வில் "காற்று திரும்புகிறது" என்று எழுதியபோது எனக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போய்விட்டது. திரும்பப் படித்து ரசித்தேன். அந்த நிமிடம் என்மேல் எனக்கு வந்த வெறுப்பை இங்கே அப்படியே வைக்கிறேன். இன்னாசிக்கு என்னை முப்பது வருடமாகத் தெரியும். என் அப்பா செத்தபோது மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனதில் ஒரு தோள் அவருடையது. அவரை நடுக்கடலில் நிறுத்திவிட்டு நான் வாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

6

"அல்லோ, யாரு?" சின்னப் பெண் குரல்.

"அம்மா இருக்காங்களாம்மா?"

"அம்மா எனுக்குத் தல பின்னிகினு கீது. கையெல்லாம் எண்ண. இன்னா சொல்லணும்?"

"ஒண்ணுமில்லம்மா. அப்பறமா..." என்று இழுத்தேன். வைத்துவிடத்தான் பார்த்தேன். செல்லக்கனி இடுப்பில் கை வைத்து எதிரே நின்றாள். "போல்ட்டுக் கடைன்னு சொல்லும்மா" என்றேன்.

"எம்மா! போல்ட்டுக்காரரு!"

வரலட்சுமி வந்தாள். சொன்னேன்.

"அத்தப் போடு, கேக்கறேன்" என்றாள்.

பதிவை செல்லக்கனியின் போனுக்கு மாற்றி, அந்தப் போனை இந்தப் போனின் வாயில் வைத்துப் போட்டேன். "இன்னொரு தபா போடு." போட்டேன்.

"நா இழுத்தனா இல்லியான்னு எனுக்கே நெனப்பு இல்லண்ணா" என்றாள். "பொண்ணப் பத்தி கேட்டல்ல. எனுக்கு அதான் நெனப்பு."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? கேஸ்கெட் பழைய சரக்கு, அதனால திரும்பப் பாக்கணும்னு இன்னாசிட்ட நானே சொல்லிடுதேன். உன் பேரு அடிபடாது."

"இன்னாத்துக்கு? உன் கேஸ்கெட்டு நல்லாத்தான கீது. வெச்சிடு. வர்றேன்."

போனை வைப்பதற்குள் பின்னால் அந்தப் பெண் ஏதோ கேட்டது. [இதையும் எடுத்துவிட்டேன்.]

7

மூன்றரை மணிக்குத் தண்டையார்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்கு வந்தாள். படகுத்துறையில் கூட்டம். ஐஸ், டீசல், அரிசி மூட்டை, மாலை போட்ட படகுகள். இன்னாசியிடம் நேராகப் போனாள்.

"நைனா, ஒரு போல்ட்டு டவுட்டா கீது. எண்றதுல வுட்டுட்டேன்னு நெனைக்கிறேன். திருப்பி ஒரு ரவுண்டு போட்டாத்தான் உன்ன அனுப்புவேன்."

இன்னாசி முகம் சுருங்கியது. "நேத்து அர மணி ஓடிச்சே, ஒண்ணியும் காணமே."

"கரையில சும்மா ஓடும் நைனா. வல இழுக்கறப்பதான் அதுக்கு வலிக்கும்."

பக்கத்துப் படகிலிருந்து ஒருத்தன் சத்தமாகச் சிரித்தான். "அப்பவே சொன்னோம்ல?" என்றான். வரலட்சுமியின் காது சிவந்தது. நான் முன்னே போய், "தப்பு என்னோடது, நான்தான் வேலை நேரத்துல பேச்சுக் குடுத்தேன்" என்றேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னாசி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐஸ் ஏற்றுகிறவர்களை நிறுத்தச் சொன்னார். "கரையில சொன்னியே, அது போதும். போய் செய்யி."

எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. மேல்மூடியைக் கழற்றினாள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு, முதல் காரியமாக வாயைத் திறந்தேன்.

"வரலட்சுமிம்மா, முதல்ல அந்த ஒம்பதாவத மட்டும் ரெஞ்சு வச்சுப் பாரேன். டிக் உடனே சொல்லிட்டா நல்லா இருக்குன்னு அர்த்தம். எல்லாத்தையும் செய்யவே வேண்டாம்."

"அது பொய் சொல்லும்ணா" என்றாள். "ஒக்காந்துபோன போல்ட்டு மேல சும்மா ரெஞ்சு வெச்சா, மரை புட்ச்சிகினு, நல்லா இறுகிட்ட மாதிரியே டிக்குன்னும். தளத்திட்டு இறுக்குனாத்தான் நெஜம். ஒண்ண தளத்தணும், ஒடனே இறுக்கணும், அப்பாலதான் அடுத்தது. வரிசையா. தண்டார்பேட்டையிலேர்ந்து."

"எனக்கு அது விட்டுப் போச்சா இல்லையான்னு தெரியணும்மா."

"உனுக்குத் தெரியறதுக்கா செய்யறேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. வேலையில் இறங்கிவிட்டாள். என்னை மறுகோடியில் வலைக் குவியல்மேல் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்றுத் தளர்த்தினாள், முழு அளவுக்கு இறுக்கினாள். எல்லா ஸ்டேஷனையும் ஒரே குரலில் சொன்னாள். ஒன்பதாவதிலும் குரல் இறங்கவில்லை. ஆனால் தளர்த்தும்போது அது எவ்வளவு பிடித்திருந்தது என்பது அவள் கைக்குத் தெரிந்திருக்கும், இல்லையா? நான் முகத்தையே பார்த்தேன். எத்தனை கதையில் முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லியிருக்கிறேன்! இந்த முகத்தில் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இறுக்கினாள். டிக். மீஞ்சூர்.

கும்மிடிப்பூண்டி முடிந்து மூடியைப் போட்டு, கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். இன்னாசி டீ வாங்கி வைத்திருந்தார். அவள் குடித்து முடிக்கும் வரை பொறுத்தேன்.

"ஒம்பதாவது?" என்றேன்.

"சரியா கீது இப்போ."

"இப்ப சரி. முன்னால?"

டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாவமே என்று பார்க்கிற சிரிப்பு. "அது எனுக்குத் தெரியும்ணா. என்னோட போவட்டும்."

கிளம்பும்போது இன்னொன்று சொன்னாள். "கதைய எய்துக்கோ. நா ஒரு போல்ட்டு வுட்டிருப்பேன்னு எய்திக்கோ, பர்வால்ல. எம் பொண்ணு மேட்டர மட்டும் எட்த்துரு. அத்த உனுக்கு சொல்லல. கேட்டியேன்னு வாய்ல வந்துட்ச்சி." அதனால்தான் அந்த வரிகள் இல்லை. பதிவையும் அவள் கண் எதிரிலேயே அழித்தேன்; செல்லக்கனி போனில் இருந்ததை வீட்டுக்குப் போனதும் அழித்தேன். பிறகு அவள் தண்டையார்பேட்டை ஸ்டேஷன் பக்கமாக வேகமாக நடந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் வண்டி குறைவு. அடுத்த வண்டியைப் பிடித்தால் பிள்ளை தூங்குவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றாள்.

8

படகு திங்கள் விடியலில் போனது. இன்று வியாழன். எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று நேற்று இன்னாசி வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார். பக்கத்துப் படகுக்காரன், சிரித்தானே அவன்தான், தன் ஹெட்டையும் அவளிடமே பார்க்கச் சொல்லலாமா என்று என் கடையில் வந்து விசாரித்தான். ஆகவே யாரைப் பற்றியும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. மிச்சமிருப்பது என் பிரச்சினை மட்டும்.

நாலு நாளாக அந்த போல்ட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன்.

அது தளர்ந்திருந்தது என்றால், பதினோரு வரிக்கு ஆசைப்பட்டு ஆறு பேர் உயிரோடு நான் விளையாடியிருக்கிறேன்.

அது இறுகித்தான் இருந்தது என்றால், ஒன்றுமே இல்லாத விஷயத்துக்காக ஒரு தாயைப் பிள்ளையின் பாதிப் பின்னலிலிருந்து பிடுங்கி, ஊர் சிரிக்க நிறுத்தியிருக்கிறேன்.

இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்கு ராத்தூக்கம் போயிருக்கும். அது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. அவளுக்கு அன்றைக்கே, டீ குடிக்கும்போதே தெரிந்திருக்கிறது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் கேஸ்கெட் பொய்யெல்லாம் தயார் செய்தேன். கடைசியில் அவள்தான் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனாள்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். ஒன்பதாவது போல்ட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக இருக்காது. ராயபுரம் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், டீ சொல்கிறேன், வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். இதை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.